காற்றை நம்பி எத்தனை மெகாவாட் எழுதலாம்? கணக்கை நாமே போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காற்றாலைப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். காற்று எப்போது வீசும் என்று யாருக்குத் தெரியும், அதை நம்பி ஒரு மாநிலத்துக்கே கரண்ட் கொடுக்க முடியுமா என்பது ஒரு கட்சி. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் நட்டு வைத்திருக்கிறோமே, இன்னும் எதற்கு நிலக்கரி என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே கணக்குப் போடாத பேச்சு. மின் உற்பத்தியைத் திட்டமிடுகிறவர் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தக் காற்றாலைகளைச் சேர்த்த பிறகு, மின்வெட்டு அபாயம் முன்பு இருந்த அளவைத் தாண்டாமல், கூடுதலாக எத்தனை மெகாவாட் தேவையைச் சமாளிக்கலாம்? அந்த மெகாவாட்தான் காற்றாலையின் கபாசிட்டி கிரெடிட். அது பூஜ்யமும் இல்லை, பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் 10,000-மும் இல்லை; நடுவில் எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை படிகள்.

கிண்டியில் மின்பொறியியல் படிப்பவராக இருந்தாலும் சரி, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிச் சண்டை போடுகிறவராக இருந்தாலும் சரி, எக்ஸெல் தெரிந்து கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

படி 1: எந்த கரண்ட் கட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

சென்னையில் நாம் அனுபவிக்கும் பெரும்பாலான கரண்ட் கட்டுக்கும் உற்பத்திக்கும் சம்பந்தமே கிடையாது. கேபிள் ஃபால்ட், டிரான்ஸ்ஃபார்மர் வெடிப்பது, மழைத்தண்ணீர் தேங்கியதால் பாதுகாப்புக்காக சப்ளையை நிறுத்துவது எல்லாம் விநியோகப் பிரச்சினை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது நகரத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. சாய்ந்துபோன கம்பங்களும் அறுந்த லைன்களும்தான் காரணம், மெகாவாட் பற்றாக்குறை இல்லை. இந்த வழிகாட்டி உற்பத்தி போதுமா என்ற ஒரே கேள்விக்கு மட்டும். உங்கள் தெருவில் மாதம் மூன்று முறை ஃபியூஸ் போவதற்கு இதில் பதில் தேடாதீர்கள்.

படி 2: எவ்வளவு அபாயம் பரவாயில்லை என்று முதலில் எழுதி வையுங்கள்

அபாயமே இல்லாத மின்திட்டம் கிடையாது. எத்தனை நிலையம் கட்டினாலும் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிடும் வாய்ப்பு துளியாவது மிச்சம் இருக்கும். அதனால் ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையம் தேசிய மின் திட்டத்தில் இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது: தேவையைச் சமாளிக்க முடியாமல் போகும் வாய்ப்பு 0.2 சதவீதம், கொடுக்க முடியாமல் போகும் யூனிட்டுகள் மொத்தத்தில் 0.05 சதவீதம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்பதால் 0.2 சதவீதம் என்பது சுமார் 17.5 மணி நேரம். அமெரிக்காவில் நெடுங்காலமாகப் புழங்கும் வரம்பு பத்தாண்டுக்கு ஒரு நாள். அது இதைவிட ரொம்பக் கறாரானது.

இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள். 17 மணி நேரமும் தலா 50 மெகாவாட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. தலா 3,000 குறைந்தால் பேப்பரில் தலைப்புச் செய்தி. இன்னொன்று, பற்றாக்குறை வரும்போது அது யார் தலையில் விழும் என்பதை இந்த எண்கள் சொல்லாது. 2012-ல் சென்னைக்கு அறிவிக்கப்பட்ட வெட்டு தினம் 2 மணி நேரம், வெளி மாவட்டங்களில் அதைப்போலப் பல மடங்கு. காற்றாலை சுற்றுகிற ஊர்க்காரர்கள் சிம்னி விளக்கைத் தேட, அதே கரண்டில் இங்கே ஏசி ஓடியது. கணக்கில் வராவிட்டாலும் கணக்குப் போடுகிறவர் இதை மனதில் வைத்திருப்பது நல்லது.

படி 3: காற்றை விடுங்கள், நிலக்கரியிலிருந்து தொடங்குங்கள்

பலர் தவறவிடும் இடம் இதுதான். நிலக்கரி நிலையம் என்றால் எழுதியிருக்கிற மெகாவாட் அப்படியே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு, காற்றுக்கு மட்டும் சந்தேகக் கணக்குப் போடுகிறார்கள். பாய்லர் டியூப் கசிந்தால் ஒரு யூனிட் (நிலையத்தில் உள்ள ஓர் உற்பத்தி இயந்திரம், மீட்டரில் ஓடும் யூனிட் இல்லை) நாள்கணக்கில் வெளியே. மழையில் நனைந்த நிலக்கரி, சாம்பல் வெளியேற்றும் இடத்தில் அடைப்பு, டர்பைனில் அதிர்வு என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 210 மெகாவாட் வீதம் 5 யூனிட், மொத்தம் 1,050. ஒவ்வொன்றும் திடீரென முடங்கும் வாய்ப்பு 10 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், இது அந்த நிலையத்தின் உண்மையான எண் இல்லை. ஐந்தும் ஓடும் வாய்ப்பு 0.9-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 59.05 சதவீதம். நாலு மட்டும் ஓடுவது 32.8. மூன்று மட்டும் 7.29. இரண்டோ அதற்குக் கீழோ 0.86. ஆக, 1,050 மெகாவாட் என்று எழுதி வைத்த நிலையம் பத்தில் ஆறு நேரம்தான் முழுசாக 1,050 தரும்.

இப்போது 735 மெகாவாட் தேவை என்று வையுங்கள். குறைந்தது 4 யூனிட் வேண்டும். கிடைக்காமல் போகும் வாய்ப்பு 7.29-உம் 0.86-உம் சேர்ந்து 8.15 சதவீதம். இந்த எண்ணை எங்காவது குறித்து வையுங்கள், படி 6-ல் வேண்டும்.

முழு மாநிலத்துக்குச் செய்யும்போது யூனிட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எத்தனை மெகாவாட் முடங்கியிருக்கும், அதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும் ஒரு காலி அட்டவணையில் தொடங்கி, புது யூனிட் ஒன்றைச் சேர்க்கும்போது, அது ஓடினால் பழைய அட்டவணை அப்படியே நிற்கும், முடங்கினால் அதன் மெகாவாட் அளவுக்கு அட்டவணை நகரும். இரண்டையும் அதனதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுங்கள். வட சென்னையின் 600 மெகாவாட் யூனிட்டுகள், மேட்டூர் அனல்மின் நிலையம், கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் உலைகள் என்று வரிசையாகச் சேர்த்தால் கடைசியில் ஒரு வழுவழுப்பான வளைகோடு கிடைக்கும். எக்ஸெல்லில் முடியும், பைத்தானில் பத்து வரி. அணைத் தண்ணீரை நம்பிய நீர்மின்சாரத்தை இந்த அட்டவணையில் போடாதீர்கள், மேட்டூர் அணையில் தண்ணீர் இருக்கிறதா என்பது யூனிட் பழுதாவதைப் போன்ற விஷயம் இல்லை. அதற்குத் தனி வரி.

அப்புறம், ஆண்டுப் பராமரிப்பு. அனல் யூனிட்டுகளை ஓவர்ஹாலுக்கு நிறுத்த வசதியான காலம், ஜூனிலிருந்து செப்டம்பர் வரையிலான காற்று சீசன்தான். அதனால் ஆண்டு முழுக்க ஒரே அட்டவணையை வைத்தால் ஜூலையில் உங்கள் கணக்கு ரொம்ப நல்லபிள்ளையாகத் தெரியும். மாதத்துக்கு ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மணிவாரியாகத் தேவை

ஆண்டின் உச்ச தேவை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது பழைய பழக்கம். தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது, சரி, ஆனால் அபாயம் அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. 8,760 மணி நேரத்துக்கும் வரிசை வேண்டும். எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று சொல்லும் மாநில லோடு டிஸ்பாட்ச் சென்டரும் பெங்களூரில் உள்ள தென்மண்டல மையமும் வெளியிடும் தினசரி அறிக்கைகளிலிருந்து தொடங்கலாம். பற்றாக்குறை இருந்த ஆண்டுகளின் தரவில் வெட்டப்பட்ட லோடைத் திரும்பக் கூட்ட மறக்காதீர்கள். வெட்டிவிட்டு "தேவை குறைவு" என்று எழுதினால் கணக்கு நம்மையே ஏமாற்றும்.

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மே மாதம் மதியம் கடற்காற்று நேரத்துக்கு வந்துவிட்டால் மெரினாப் பக்கம் மட்டும் இல்லாமல் அண்ணா நகர் வரைக்கும் வெக்கை தணியும், ஏசி லோடும் கொஞ்சம் இறங்கும். மே கடைசியில், ஜூனில் மேற்குக் காற்று வலுத்தால் அது கடற்காற்றை உள்ளே விடாது. மீனம்பாக்கத்தில் 40 டிகிரி தாண்டும், ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் கொதிக்கும். நம்மை வறுக்கிற அதே மேற்குக் காற்றுதான் மலைக் கணவாய்கள் வழியாகப் புகுந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிறது! ஆக அந்த நாட்களில் சென்னையின் லோடும் காற்று மின்சாரமும் சேர்ந்தே ஏறும். ஏப்ரல் வெக்கைக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது, மேற்குக் காற்று இன்னும் வந்திருக்காது. தேவையையும் காற்றையும் தனித்தனி ஆண்டுகளிலிருந்து எடுத்து ஒட்டினால் இந்த உறவு அத்தனையும் தொலைந்துபோகும். அதனால் ஒரு கறாரான விதி: எந்த ஆண்டின் எந்த மணியின் தேவையோ, அதே ஆண்டின் அதே மணியின் காற்று.

படி 5: காற்றுத் தரவு

அதிக நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் தொடங்கிய கதை இது, அதனால் தமிழ்நாட்டில் பழைய பதிவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் 250 கிலோவாட் பழைய காற்றாலைகளும் 2, 3 மெகாவாட் புதுசுகளும் ஒரே மொத்தத்தில் கலந்து கிடக்கும். எனவே மெகாவாட்டை அப்படியே எடுக்காமல், அந்த நாளில் நிறுவப்பட்டிருந்த திறனால் வகுத்து விகிதமாக மாற்றுங்கள். இல்லையென்றால் பத்தாண்டுகளில் கூடுதலாக நட்ட காற்றாலைகளை, காற்றே கூடிவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்து, மீட்டரில் பதிவானது காற்று கொடுத்ததா, கிரிட் வாங்கிக்கொண்டதா? நல்ல சீசன் நாளில் லைன் நெரிசலாலோ தேவை குறைவாலோ காற்றாலைகளை நிறுத்தச் சொல்வது உண்டு, பேக்கிங் டவுன் என்பார்கள். அந்த மணிகளைத் தனியாகக் குறியுங்கள். கபாசிட்டி கிரெடிட் பற்றாக்குறை மணிகளைப் பொறுத்தது என்பதால் நள்ளிரவில் நிறுத்தியது பெரிதாகப் பாதிக்காது. ஆனால் தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் லைன் தாங்காமல் சாயங்காலம் நிறுத்தினால் அது காற்றின் குறை இல்லை, லைனின் குறை. தெற்கே கயத்தாறிலிருந்து சென்னைப் பக்கம் ஒட்டியம்பாக்கம் வரை 400 கிலோவோல்ட் லைன் எதற்கு இழுத்தார்கள் என்று இங்கே புரியும்.

மீட்டர் தரவு கிடைக்காதவர்கள் ஈ.ஆர்.ஏ.5 என்ற இலவச வானிலைத் தரவை எடுக்கலாம். 1940-லிருந்து மணிவாரியாக 100 மீட்டர் உயரக் காற்று இருக்கிறது. ஒரு சிக்கல்: அதன் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாய் மாதிரி இடுக்கில் காற்று நெருக்கிப் பிடித்து வேகமெடுப்பதை அவ்வளவு பெரிய கட்டம் பார்க்காது. வேகத்தில் சின்னப் பிழையும் மின்சாரத்தில் பெரிசாகும், ஏனென்றால் காற்றின் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கு. நொடிக்கு 8 மீட்டர் என்பது 6 ஆகக் குறைந்தால் வேகம் கால் பங்குதான் குறைந்தது, சக்தியோ 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே உண்மையான மாத உற்பத்தியோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அந்தத் தரவைப் பயன்படுத்துங்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் வெளியிடும் காற்று வரைபடங்களும் இதற்கு உதவும். பவர் கர்வ் (எந்தக் காற்று வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் கோடு) போடும்போது நொடிக்கு 3 மீட்டருக்குக் கீழே ஒன்றும் இல்லை, 12 வாக்கில் முழுத் திறன், 25 வாக்கில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் என்று தொடங்கி, உங்கள் மாடலுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்.

"ஓர் இடத்தில் வீசாவிட்டால் இன்னோர் இடத்தில் வீசும்" என்ற வாதத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று நம்முடைய கணவாய்கள் நாலு. நாலுக்கும் காற்றை அனுப்புவது ஒரே தென்மேற்குப் பருவமழைதான். ஒரு மணி நேர ஏற்ற இறக்கம் அவற்றுக்குள் ஓரளவு சமனாகும். பருவமழை ஒரு வாரம் ஓய்ந்தால் நாலும் சேர்ந்தே ஓயும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் உடுமலையில் நட்டதால் முப்பந்தலுக்குப் பெரிய காப்பீடு கிடைத்துவிடாது.

படி 6: இரண்டையும் சேர்த்தல்

படி 3-ன் சின்ன நிலையத்தோடு 420 மெகாவாட் காற்றாலையைச் சேர்ப்போம். எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை.

சீசன் மாலை: பாதி நேரம் 210 மெகாவாட், 40 சதவீத நேரம் 105, மீதி 10 சதவீத நேரம் பூஜ்யம். தேவை அதே 735. காற்று 210 தந்தால் அனல் நிலையம் 525 கொடுத்தால் போதும், 3 யூனிட். 105 தந்தால் 630, அப்போதும் 3 யூனிட்தான். இந்த 90 சதவீத நேரத்தில் அபாயம் 0.86. காற்றே இல்லாத 10 சதவீதத்தில் பழைய 8.15. சேர்த்தால் 1.59 சதவீதம். 8.15-லிருந்து 1.59!

ஏப்ரல் மாலை: 60 சதவீத நேரம் பூஜ்யம், 30 சதவீதம் வெறும் 42 மெகாவாட், 10 சதவீதம் 105. 42 வந்தாலும் 693 வேண்டும், நாலாவது யூனிட் இல்லாமல் தப்பிக்க முடியாது. 105 வரும் நேரத்தில் மட்டும்தான் லாபம். அபாயம் 8.15-லிருந்து 7.42. அதே 420 மெகாவாட்தான், ஏப்ரலில் இருந்தும் இல்லாதது மாதிரி. ஆடிக்காற்று அம்மியைப் பறக்க வைக்கட்டும், ஏப்ரல் இரவுக்கு அதிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கடன் வாங்க முடியாது.

இங்கேயே சராசரி ஏன் ஆபத்து என்றும் பார்த்துவிடலாம். சீசன் மாலையின் சராசரி 147 மெகாவாட். அதை நிலையான எண் என்று வைத்து 735-லிருந்து கழித்தால் 588 வரும், 3 யூனிட் போதும், அபாயம் 0.86 என்று தெரியும். உண்மையான அபாயமான 1.59-ல் பாதியைக் கொஞ்சம் தாண்டிய எண்தான் அது. காற்றே வராத அந்த 10 சதவீதத்தைச் சராசரி விழுங்கிவிட்டது. யாராவது காற்றாலையின் ஆண்டு சராசரி உற்பத்தி விகிதத்தைக் காட்டி இதுதான் நம்பகத் திறன் என்றால், இந்த உதாரணத்தைக் காட்டுங்கள்.

படி 7: கபாசிட்டி கிரெடிட்டை எடுத்தல்

இந்தக் குட்டிக் கணக்கிலிருந்து கிரெடிட்டைப் பிழிய வேண்டாம், 210-210 ஆகத் தாவுகிறது, விடை கோமாளித்தனமாக வரும். மாநில அளவு அட்டவணையில் செய்ய வேண்டும். 1966-ல் கார்வர் என்ற பொறியாளர் கொடுத்த முறை இன்றுவரை நடப்பில் உள்ளது: முதலில் காற்று இல்லாமல், ஒவ்வொரு மணியின் தேவைக்கும் அட்டவணை காட்டும் அபாயத்தைக் கூட்டி ஆண்டின் மொத்த அபாயத்தைக் கணக்கிடுங்கள். காற்றைச் சேருங்கள், அபாயம் இறங்கும். பிறகு எல்லா மணிகளிலும் தேவையை 50, 100, 150 மெகாவாட் என்று கூட்டிக்கொண்டே போய், அபாயம் பழைய எண்ணுக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். கூட்டிய மெகாவாட்தான் கிரெடிட்.

இதே முறையில் ஒரு நிலக்கரி யூனிட்டையும் எடைபோட்டுப் பாருங்கள், அதற்கும் நூறு சதவீதம் வராது. ஒரே தராசு என்பதுதான் இந்த முறையின் நியாயம்.

முதல் 1,000 மெகாவாட் காற்றுக்கு வரும் சதவீதம் பத்தாவது ஆயிரத்துக்கு வராது. காற்று வீசும் மணிகளின் அபாயத்தை முதலில் வந்தவை தீர்த்துவிடுகின்றன. மிஞ்சுவது காற்று இல்லாத மணிகள், அங்கே இன்னும் எத்தனை நட்டாலும் ஒன்றுதான். எனவே "காற்றின் கிரெடிட் இத்தனை சதவீதம்" என்று ஒற்றை எண் கேட்டால், எத்தனையாவது மெகாவாட்டுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 8: சூரியனையும் கழித்துவிட்டுப் பாருங்கள்

சோலார் பெருகியதால் பகல் மணிகளின் அபாயம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. தேவையிலிருந்து சோலாரைக் கழித்து வரும் நிகரத் தேவையை வரைந்தால் உச்சம் சூரியன் இறங்கியதும், சுமார் ஏழு மணிக்கு மேல் வரும். அங்கே சோலாரின் கிரெடிட் பூஜ்யம். காற்று சீசனில் மாலையும் இரவும் வீசும் என்பதால் அதன் மதிப்பு கூடுகிறது. பிரச்சினை பிப்ரவரியிலிருந்து மே தொடக்கம் வரையிலான இரவுகளுக்குச் சுருங்குகிறது. அதற்கு மருந்து காற்றாலை இல்லை. பேட்டரி, பம்ப்டு ஸ்டோரேஜ் (மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது), அல்லது வெளியிலிருந்து வாங்குவது. கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் பம்ப்டு ஸ்டோரேஜ் 1980-களிலிருந்து இருக்கிறது. சேமிப்பைக் கணக்கில் சேர்க்கும்போது மெகாவாட்டோடு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் போடுங்கள். இரண்டு மணி நேர பேட்டரி ஆறு மணி நேர இரவுக்குப் போதாது.

படி 9: நிமிடக் கணக்கு வேறு

காற்று சட்டென்று விழுந்தால் கிரிட் தாங்குமா என்பது வேறு கேள்வி, இதில் கலக்காதீர்கள். அது 15 நிமிடத் துண்டுகளாக, நாளுக்கு 96 பிளாக்காக நடக்கும் இயக்க வேலை, அதிர்வெண்ணை 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் பிடித்து வைக்கும் வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கூடங்குளத்தில் ஓர் உலை ட்ரிப் ஆனால் 1,000 மெகாவாட் நொடியில் காணாமல் போகும், காற்று அப்படி ஒரே நொடியில் ஓயாது, இறங்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும், முன்கூட்டியே கணிக்கவும் முடியும். விதிவிலக்கு, வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தாலே கழன்றுகொள்ளும் பழைய காற்றாலைகள்.

படி 10: வெளி மாநிலத்தை எவ்வளவு நம்பலாம்

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்மண்டலம் நாட்டின் மற்ற கிரிட்டோடு இணைந்தது. அதற்கு முன் போட்ட கணக்குகள் இப்போது உதவாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பஞ்சாபில் நெல்லுக்குப் பம்பு செட் ஓடும், அப்போது நமக்குக் காற்று சீசன். கோடையில் நமக்குத் தட்டுப்பாடு, அங்கே அந்த அளவு நெருக்கடி இருக்காது. இப்போது கொடுத்து அப்போது வாங்கும் ஸ்வாப் ஏற்பாடுகளுக்கு அடிப்படை இதுதான், காற்றின் ஏப்ரல் குறையை மறைமுகமாகத் தீர்ப்பதும் இதுதான். எழுத்தில் ஒப்பந்தம் உள்ள ஸ்வாப்பைக் கணக்கில் சேருங்கள். மின்சாரச் சந்தையான எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொள்ளலாம் என்பதைச் சேர்க்காதீர்கள்: கோடை இரவில் எல்லா மாநிலமும் அங்கேதான் நிற்கும், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பு விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் கேட்ட அளவு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

விடையை எழுதும் விதம்

ஒற்றை எண்ணாக எழுதாமல் மாதங்கள் 12, நாளின் பொழுதுகள் நாலு என்று ஓர் அட்டவணையாகப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அபாயம் எவ்வளவு, காற்றால் குறைந்தது எவ்வளவு என்று எழுதுங்கள். பிறகு கையில் உள்ள ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். பருவமழை தாமதமான ஓர் ஆண்டை நீக்கியதும் கிரெடிட் எகிறினால், உங்கள் விடை அந்த ஓர் ஆண்டின் மேல்தான் நிற்கிறது என்று பொருள். அந்த ஆண்டை வைத்து வந்த குறைந்த எண்ணையே மேலதிகாரியிடம் கொடுங்கள், அதிக எண்ணை அடிக்குறிப்பில் போடுங்கள். கடைசியாக, மிகப் பெரிய அனல் யூனிட் ஒன்று ஏப்ரல் முழுக்க நின்றுபோனால் என்ன ஆகும் என்று ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மீட்டிங்கில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.